பூனைக்காலிக்கு 30 வருஷம் டைம் கொடுங்க பாஸ்!

நாவலூர் பக்கம் எந்த காலேஜில் பிராஜெக்ட் பண்ணினாலும் ஒரே கேள்விதான்: “இதனால என்ன யூஸ்? ஓ.எம்.ஆர்.ல வேலை கிடைக்குமா?” அப்படிக் கேட்கிறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க.

பூனைக்காலி தெரியும்தானே? காயில் கை பட்டாலே அரிப்பு பின்னியெடுக்குமே, அதே கொடிதான்! அதன் விதையிலிருந்து ‘எல்-டோபா’வைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை வெளியிட்டார்கள் சேப்பாக்கம் பல்கலைக்கழக ஆய்வகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அது எந்த நோய்க்கு மருந்து? அன்னிக்கு யாருக்கும் தெரியாது.

மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை இருக்குன்னு 1957-ல்தான் ஸ்வீடனின் கார்ல்சன் காட்டினார். அது குறைவதால்தான் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குது, நடை தடுமாறுது. டோபமைனை மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் நுழையாது. எல்-டோபா உள்ளே போய் டோபமைனாக மாறிடும்! 1967-ல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் டோபாவை அதிக அளவில் கொடுத்துப் பலன் காட்டினார். இன்னிக்கும் அதுதான் முக்கிய மருந்து.

2004-ல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு 30 கிராம் பூனைக்காலிப் பொடி கொடுத்தபோது, மாத்திரையைவிட சீக்கிரமே வேலை செய்தது. அதுக்காக நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி, பொடி வாங்கி தாத்தாவுக்குக் கொடுத்துடாதீங்க! அளவு தப்பினால் வாந்தி, தலைசுற்றல் வரும். நோயும் தீராது, தொந்தரவுதான் குறையும். அளவை டாக்டர்தான் சொல்லணும்.

இனி யாராவது உங்க பிராஜெக்டைப் பார்த்து “என்ன யூஸ்?”னு கேட்டா, கூலா சொல்லுங்க... “30 வருஷம் கழிச்சு வாங்க சார்!”