மூளை வந்தது, பெட்டியைக் காணோம்!

கடைக்குச் சென்று புதிதாக ஒரு ரேடியோ வாங்குகிறீர்கள். கடைக்காரர் உள்ளே இருக்கும் கம்பிகளையும் கருவிகளையும் மட்டும் எடுத்துக் கையில் கொடுத்து, "பெட்டியை நீங்களே செய்துகொள்ளுங்கள்" என்றால் எப்படி இருக்கும்? சண்டைக்குப் போய்விட மாட்டோமா?

1976-ம் ஆண்டில் 'ஆப்பிள்-1' கம்ப்யூட்டர் அப்படித்தான் விற்பனைக்கு வந்தது!

கடனில் தொடங்கிய தொழில்

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த இரண்டு நண்பர்கள், ஸ்டீவ் வாஸ்னியாக், ஸ்டீவ் ஜாப்ஸ். கம்ப்யூட்டரை வடிவமைத்தவர் வாஸ்னியாக். விற்கக் கிளம்பியவர் ஜாப்ஸ். முதல் போடுவதற்காக ஒருவர் தம் கால்குலேட்டரையும், மற்றவர் தம் வேனையும் விற்றார்கள்.

பால் டெரல் என்ற கடைக்காரர் 50 கம்ப்யூட்டர்கள் கேட்டார். ஒன்றுக்கு 500 டாலர் தருவதாகச் சொன்னார். நண்பர்கள் 30 நாள் தவணையில் உதிரிப் பாகங்களைக் கடன் வாங்கினார்கள். ஜாப்சின் பெற்றோர் வீட்டிலேயே வேலை நடந்தது.

சரக்கு வந்தது. டெரல் திகைத்துப் போனார். வந்தவை வெறும் பலகைகள்! பெட்டி இல்லை, கீபோர்டு இல்லை, திரை இல்லை, டிரான்ஸ்பார்மரும் இல்லை. அவர் "வேண்டாம்" என்றிருந்தால் நண்பர்கள் கடனில் மூழ்கியிருப்பார்கள். ஆனால் அவர் பேசியபடி பணத்தைக் கொடுத்துவிட்டார்.

ரம்பம் எடுத்தார்கள்

கடையில் அதன் விலை 666 டாலர் 66 சென்ட். அவ்வளவு கொடுத்தும் வீட்டில் வேலை காத்திருந்தது. ஒன்றேகால் அடிக்குச் சற்று அதிகமான நீளம், முக்கால் அடி அகலம் உள்ள பலகை அது. அதற்கு அளவெடுத்து, மரத்தை அறுத்து, இழைத்துப் பெட்டி செய்தார்கள் பலர்.

சாதாரணப் பெட்டி போல் மூடிவிட்டால் போதாது. மின்சாரம் பாய்ந்தால் பலகை சூடேறும். மரமோ சூட்டை எளிதில் வெளியே விடாது. ஆகவே காற்றுப் போக வழி வேண்டும். பலகையின் அடிப்புறம் எதிலும் உரசாமல் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். கனமான டிரான்ஸ்பார்மர்களுக்கும் இடம் விட வேண்டும்.

சில பெட்டிகள் ஹவாய்த் தீவில் வளரும் 'கோவா' மரத்தில் அமைந்தன. (நம் ஊர் கோவாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

நண்பர்களும் பாடம் கற்றார்கள். 1977-ல் 'ஆப்பிள்-2' பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தது. சான்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு முன், சொரசொரப்பாக இருந்த பெட்டிகளைக் கையால் தேய்த்து மெருகேற்றினார்கள்.

4 லட்சம் டாலர்!

ஆப்பிள்-1 மொத்தம் செய்யப்பட்டது சுமார் 200 மட்டுமே. கோவா மரப்பெட்டியுடன் கூடிய ஒன்று, 2021-ல் 4 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கையால் செய்த மரப்பெட்டியில் எழுத்துச் செதுக்கிய இன்னொன்று, அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இடம்பெற்றிருக்கிறது.

பலகைகள் எல்லாம் ஒரே அச்சு. பெட்டிகளோ ஆளுக்கு ஒரு விதம். வாங்கியவரின் கைவண்ணம் அதில் அல்லவா தெரிகிறது!

"பெட்டி இல்லை" என்பது அன்று குறை. இன்று அந்தக் குறையை நிரப்பிய மரத்துக்கும் தனி மதிப்பு!