பொத்தானை அமுக்கினால் காப்பி!
வீட்டுக்கு வந்த எந்திரமும் அம்மாவின் பில்டரும்

காலை மணி 4-30.

எங்கள் வீட்டுச் சமையல் அறையில் விளக்கு எரிந்தால், அம்மா எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

40 வருடமாக இதே கதைதான். பில்டரில் பொடியைப் போடுவார். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவார். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதற்குள் பால் பொங்கும். 5-30 மணிக்கு அப்பா கையில் டபராவும் டம்ளரும் இருக்கும்.

அம்மாவுக்கு இப்போது வயது 67. முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம். "வேண்டாம் அத்தை, நான் போடுகிறேன்" என்று என் மனைவி சொன்னால் கேட்பதில்லை.

போன தீபாவளிக்குப் போனஸ் வந்தது. அதோடு கொஞ்சம் தவணை சேர்த்துக்கொண்டு, ஒரு காப்பி எந்திரம் வாங்கி வந்தேன். கொட்டையைப் போட்டால் தானே அரைத்து, தானே வடித்து, கோப்பையில் காப்பி ஊற்றும் எந்திரம்!

"இனி நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் அம்மா. யார் வேண்டுமானாலும் பொத்தானை அமுக்கலாம்" என்றேன்.

அம்மா எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "எவ்வளவுப்பா?" என்று கேட்டார். நான் பேச்சை மாற்றினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை எந்திரங்கள் 40 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றன. 1 லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன்னால் எனக்குத் தெரியாமல் போன சில விஷயங்கள் உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது?

எந்திரத்தின் தலையில் ஒரு கிண்ணம். அதில் வறுத்த காப்பிக்கொட்டை. பின்னாலோ பக்கத்திலோ ஒரு தண்ணீர்த் தொட்டி.

பொத்தானை அமுக்கியதும் கர்ர்ர் என்று சத்தம். ஒரு கோப்பைக்குத் தேவையான 8, 9 கிராம் கொட்டை மட்டும் அரைபடுகிறது. பொடி ஒரு சின்ன அறைக்குள் விழுகிறது. எந்திரம் அதை இறுக்கி அமுக்குகிறது. 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை ஒரு பம்பு பலமாக அதற்குள் செலுத்துகிறது. அரை நிமிஷத்தில் கெட்டியான காப்பி, மேலே பொன்னிற நுரையோடு இறங்குகிறது. சக்கை வில்லையாகத் தட்டப்பட்டு, உள்ளே இருக்கும் சிறு தொட்டியில் விழுந்துவிடுகிறது.

நம் பில்டரில் தண்ணீர் தன் கனத்தால் மட்டுமே இறங்குகிறது. அதனால் கால் மணி, அரை மணி ஆகிறது. எந்திரத்தில் அழுத்தம் அந்த வேலையைச் செய்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் ருசியிலும் தெரியும்.

இத்தாலிக்காரர் அவசரம்

அழுத்தத்தால் காப்பி வடிக்கும் யோசனை இத்தாலியில் வளர்ந்தது. டூரின் நகரத்துக்காரரான ஆஞ்செலோ மோரியோண்டோ 1884-ல் நீராவியால் காப்பி வடிக்கும் எந்திரத்துக்கு உரிமை பதிவு செய்தார். மிலான் நகரத்தில் லூயிஜி பெஸேரா, 1901-ல் அதைத் திருத்தி ஒவ்வொரு கோப்பையாக வடிக்கும்படி செய்தார். நீராவி பட்டதால் காப்பி கருகிக் கசந்தது.

அதே மிலானைச் சேர்ந்த அக்கிலே காஜியா 1938-ல் நீராவி வேண்டாத முறைக்கு உரிமை பெற்றார். 1948-ல் அவருடைய கைப்பிடி எந்திரம் கடைகளுக்கு வந்தது. கைப்பிடியை இழுத்தால் வில் சுருங்கும். விட்டால் வில் விரிந்து தண்ணீரை அமுக்கும். காப்பியின் மேல் நுரை படிந்தது அப்போதுதான். 1961-ல் பேமா என்ற கம்பெனி, கைக்கு வேலை வைக்காமல் மின்சாரப் பம்பைப் பொருத்தியது.

இவை எல்லாம் கடைக்காரர்கள் வைத்திருந்தவை. 1985-ல் இத்தாலியின் சாயெக்கோ கம்பெனி, 'சூப்பர் ஆட்டோமேட்டிக்கா' என்ற எந்திரத்தை வீடுகளுக்காக வெளியிட்டது. அரைப்பதில் இருந்து வடிப்பது வரை எல்லாம் ஒரே பெட்டிக்குள்! இன்று பல நாட்டுக் கம்பெனிகள் செய்யும் எந்திரங்களுக்கு அதுதான் பாட்டன்.

கஞ்சியா, காப்பியா?

முதல் நாள் காலை. வீடே எந்திரத்தின் முன்னால் கூடியது.

நான் வாங்கியதில் பாலுக்கும் ஒரு பாத்திரம் உண்டு. பாலை ஊற்றி வைத்தால் அதுவே சூடாக்கி, நுரை கட்டி, காப்பியில் சேர்க்கும். அதற்காகவே அதிக விலை.

அம்மா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னப்பா, வெதுவெதுன்னு இருக்கு? இது காப்பியா, கஞ்சியா?"

எந்திரத்தில் கோளாறு இல்லை. இந்த எந்திரங்கள் பாலை 60, 65 டிகிரி அளவுக்குத்தான் சூடாக்கும். நுரை நன்றாகக் கட்டுவதும், பால் இனிப்பாக இருப்பதும் அந்தச் சூட்டில்தான். இத்தாலிக்காரர் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறவர். அவருக்கு அது போதும். நாம் பொங்கின பாலைக் கலந்து, டபராவில் ஆற்றிக் குடிக்கிறவர்கள். வெதுவெதுப்பை எதற்கு ஆற்றுவது?

ஒரு வாரம் வீட்டில் முணுமுணுப்பு. பிறகு வழி கண்டுபிடித்தது என் மனைவி. எந்திரத்தில் காப்பியை மட்டும் டம்ளரில் பிடித்தார். அடுப்பில் பொங்கின பாலை அதில் ஊற்றினார். ஓர் ஆற்று ஆற்றினார்.

"இது காப்பி" என்றார் அம்மா.

அன்று முதல் அந்தப் பால் பாத்திரம் அலமாரியில் தூங்குகிறது. அதற்குக் கொடுத்த பணமும் தூங்குகிறது! பால் பாத்திரம் இல்லாத எந்திரம் விலை குறைவு. கழுவும் வேலையும் குறைவு. பால் போகும் குழாய்களைத் தினமும் கழுவாவிட்டால் நாற்றம் எடுக்கும். நம் மாதிரிக் காப்பி குடிக்கும் வீட்டுக்குப் பால் பாத்திரம் இல்லாததே மேல் என்பது என் கட்சி.

சிக்கரி செய்த கூத்து

அடுத்த வழக்கு, கெட்டி போதாது என்பது.

"வாசனை இருக்கு. நாக்கில் நிற்கவில்லை" என்றார் அப்பா. சிக்கரிக்குப் பழகிய நாக்கு! பில்டர் பொடியில் 100-க்கு 20 பங்கு சிக்கரி சேர்ப்பது எங்கள் வழக்கம்.

எந்திரத்தின் மேலே பொடி போடுவதற்கென்று ஒரு சின்ன வாய் இருந்தது. ஒருநாள் அம்மா, அப்பாவுக்காகத் தம் பழைய சிக்கரிப் பொடியை அதில் ஒரு கரண்டி போட்டுவிட்டார்.

எந்திரம் முனகியது. இரண்டு சொட்டு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அதோடு சரி!

பழுது பார்க்க வந்த பையன் உள்ளே இருந்த வடிக்கும் பகுதியைக் கழற்றிக் காட்டினான். சல்லடையில் களிமண் அப்பியதுபோல் சிக்கரி. தண்ணீர் பட்டதும் சிக்கரி இளகி ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் சேர்ந்தால் அடைத்துவிடுகிறது. "சுத்தமான காப்பி தவிர வேறு எதையும் போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மா அன்று முழுவதும் எந்திரத்தின் பக்கம் வரவில்லை. "நான் தொட்டுக் கெடுத்துவிட்டேன்" என்று நினைத்துவிட்டார். தப்பு என்னுடையது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. விளக்கப் புத்தகத்தை நானே அன்று இரவுதான் முழுதாகப் படித்தேன்!

கெட்டிக்கு வேறு வழி இருக்கிறது. காப்பிக்கொட்டையில் அராபிக்கா, ரொபஸ்டா என்று இரண்டு ஜாதி. அராபிக்கா வாசனைக்கு. ரொபஸ்டா கெட்டிக்கும் கசப்புக்கும். பொடி வறுத்து அரைக்கும் கடையில், "அரைக்க வேண்டாம், கொட்டையாகவே கொடுங்கள், ரொபஸ்டா கொஞ்சம் கூட இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கினேன். அப்பா சமாதானம் ஆனார். சமாதானம் என்றால் முழுச் சமாதானம் இல்லை, புகார் நின்றது.

கொட்டையை ரொம்பக் கறுப்பாக வறுக்கச் சொல்லக்கூடாது. எண்ணெய் கசிந்து பளபளவென்று இருக்கும் கொட்டை, கிண்ணத்திலும் அரைவையிலும் ஒட்டிக்கொள்ளும். காப்பிக்கொட்டை நிறம் மாநிறமாக, தொட்டால் காய்ந்து இருக்க வேண்டும்.

காப்பிச் செலவு

இதையும் கேளுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் 4 பேர். காலையும் மாலையும் சேர்த்து 8 காப்பி. ஒன்றுக்கு 9 கிராம் என்றால், ஒரு நாளைக்கு 72 கிராம். ஒரு வாரத்துக்கு அரைக்கிலோ!

பில்டரில் அதே அரைக்கிலோ எங்களுக்கு 10, 12 நாள் வந்தது. அதிலும் 100 கிராம் சிக்கரி. வாங்கும்போது எந்திரத்தின் விலையைப் பார்த்தேன். மாதாமாதம் அது தின்னும் கொட்டையைப் பார்க்கவில்லை.

தண்ணீரும் பூஞ்சையும்

எங்கள் அடுக்குமாடி வீட்டில் போர்த் தண்ணீர். வாளியின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். அதே உப்பு எந்திரத்தின் குழாய்க்குள் படிந்தால் என்ன ஆகும்? சூடு குறையும். தண்ணீர் வராது. பம்பு கெடும்.

ஆகவே, போர்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். குடிக்க வைத்திருக்கும் நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள். உப்பு நீக்கும் மருந்து என்று கம்பெனிக்காரர்கள் விற்கிறார்கள். எந்திரம் விளக்கு எரிந்து கேட்கும்போது, அதைத் தண்ணீரில் கலந்து ஓட்டிவிட வேண்டும். ஒத்திப்போடக் கூடாது. வினிகர் ஊற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது உள்ளே உள்ள ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். வாசனையும் போகாது.

பொங்கலுக்கு மதுரை போய் 10 நாள் கழித்துத் திரும்பினோம். எந்திரத்தைத் திறந்தால், சக்கைத் தொட்டி முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சை! ஈரச் சக்கை, மூடிய பெட்டி, சென்னைப் புழுக்கம். பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்? ஊருக்குப் போகும்போது சக்கையைக் கொட்டி, தண்ணீரைக் காலி செய்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி வருகிறது. காப்பி வடிக்கும் பகுதியை நாமே வெளியே எடுக்க முடியுமா?

சில எந்திரங்களில் முடியும். பக்கத்துக் கதவைத் திறந்து, இழுத்து, குழாயடியில் சோப்புப் போடாமல் கழுவி, உலர்த்தி மாட்டிவிடலாம். சிலவற்றில் முடியாது. மாத்திரை போட்டு உள்ளேயே கழுவ வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கழற்றும் வகையே நல்லது. கண்ணால் பார்த்துக் கழுவினால்தான் எங்கள் அம்மாவுக்குக் கழுவினது மாதிரி. எனக்கும் அப்படித்தான்.

இன்னொரு கேள்வி. பழுது பார்க்கும் ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா? இல்லை என்றால், 15 கிலோ பெட்டியும் நீங்களுமாகப் பஸ் ஏற வேண்டி வரும்!

திரையும் விளக்கும் 12 வகைக் காப்பியும் இருப்பதைக் காட்டி விலை கூட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒரே வகைதான் ஓடுகிறது. உங்கள் வீட்டில் எத்தனை ஓடும் என்று எண்ணிப் பாருங்கள்.

4-30 மணி விளக்கு

அம்மா இப்போது எழுந்திருக்கவில்லையா என்று கேட்பீர்கள்.

எழுந்திருக்கிறார். அதே 4-30 மணி! பழக்கம் விடுமா? ஆனால் நிற்பதில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பொத்தானை அமுக்குகிறார். கர்ர்ர் சத்தத்தில் பேரன் விழித்துக்கொள்வான் என்று முதலில் சமையல் அறைக் கதவைச் சாத்துகிறார். பால் காய்ச்சுவதும் ஆற்றுவதும் இன்னும் அவர்தான். வாரத்துக்கு ஒரு முறை வடிக்கும் பகுதியைக் கழற்றிக் கழுவுவது நான்.

போன மாதம் பேரனுக்குக் காதுகுத்து. காலையில் மதுரையிலிருந்து 12 பேர் வந்து இறங்கினார்கள். எந்திரம் ஒரு தடவைக்கு இரண்டு கோப்பைதான் தரும். நான் எந்திரத்தின் முன்னால் நின்று திணறினேன். மூன்றாவது தடவை, "தண்ணீர் ஊற்று" என்று விளக்கு எரிந்தது. ஐந்தாவது தடவை, "சக்கையைக் கொட்டு" என்று எரிந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கரண்டும் போனது!

அம்மா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். அலமாரியைத் திறந்தார். பெரிய பித்தளைப் பில்டரை எடுத்தார். அதன் நிறைய டிகாஷன்.

முதல் நாள் இரவே போட்டு வைத்திருக்கிறார்!