பழைய எஞ்சினுக்குப் புதுப் பொலிவு

மூத்தவாப்பா ஓடிய பழைய மோட்டார் சைக்கிளை மகன் பின்கட்டிலிருந்து வெளியே இழுத்துவிட்டானா? அடுத்து அவன் கை நீள்வது உங்கள் குசினிக்குத்தான். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் சகோதரிகளே.

பீ.எஸ்.ஏ. பேண்டம் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த இதன் முதல் ரகம் 125 சீ.சீ. எஞ்சினைக் கொண்டது. அதன் சிலிண்டர் வார்ப்பிரும்பு. மேலுள்ள ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காபரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பொலித்தீன் பையால் இறுகக் கட்டுங்கள். பிளக்கைக் கழற்ற வேண்டாம். தடித்த எண்ணெய் அழுக்கை மரச்சீவலால் சுரண்டிவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து இடுக்குகளில் தேயுங்கள். பின்னர் சவர்க்கார நீரால் கழுவித் துடையுங்கள். இந்த வேலை முற்றத்திலேயே நடக்கட்டும். அடுப்புக்குக் கிட்டவும் வேண்டாம். பெற்றோல் அறவே கூடாது.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டு வரிகள் அழகுக்காக வைத்தவையல்ல. அவற்றினூடே ஓடும் காற்றுத்தான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. அழுக்கு அடைத்தால் போர்வை போர்த்தியது போலச் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கோஸ்டிக் சோடாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவும் கிளம்பும்.

வழுவழுப்பான அலுமினிய மூடிகளை 400, 600, 1000 என்ற வரிசையில் எமரித் தாளை நனைத்துத் தேய்த்து, பித்தளைச் சாமான் துலக்கும் பிராசோவைப் பூசி மென்துணியால் துடையுங்கள். துணி கறுத்தால் பயப்பட வேண்டாம். அது தேய்ந்து வரும் அலுமினியமே. சொரசொரப்பான பாகங்களை மங்கலாகவே விடுங்கள், அதுவே அவற்றின் இயல்பு. இரும்புச் சிலிண்டரைக் கம்பிப் பிரஷ்ஷால் துருநீக்கி, அன்றைக்கே சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ற் பூசுங்கள். வெறும் இரும்பு ஓரிரவிலும் துருப்பிடித்துவிடும்.

எஞ்சின் இலக்கம் பொறித்த இடத்தில் எமரித் தாள் படவே கூடாது. பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கத்தோடு அது ஒத்திருக்க வேண்டும். அழிந்துபோனால் சைக்கிளின் உரிமையை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும்.

கடைசியாக, உங்களுக்கே உரிய ஒரு பொறுப்பு. மீதி மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க விடாதீர்கள். தாகத்தில் ஓடிவரும் சின்னப்பிள்ளை அதைத் தண்ணீரென்று நினைத்துக் குடித்துவிடலாம். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

எஞ்சின் மங்கினால் மறுபடி துலக்கலாம். பிள்ளைக்கு ஒன்று நேர்ந்தால் என்ன செய்வது?