முதல் தாளில் எழுதிய ‘சந்தேக மரணம்’

2015 ஜூன் 24. பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில், ஓமலூர்ப் பகுதியைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜின் உடல் தலை வேறாகக் கிடந்தது. உடலோடு ஒரு தற்கொலைக் கடிதம். ரயில்வே போலீசார் 174-வது பிரிவில் ‘சந்தேக மரணம்’ என்று பதிந்தனர். நம் பக்கம் எத்தனையோ சாவுகள் அந்தத் தாளோடு முடிந்துபோகும்.

இதை முடியவிடாதவர் அவருடைய தாய். முந்தைய நாள் வேற்றுச் சாதித் தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போன மகனைச் சிலர் அழைத்துச் சென்றது கண்காணிப்புக் கேமராவில் இருந்தது. பிரேதப் பரிசோதனையும் கொலை என்றது. விசாரணையில் அந்தத் தோழி பிறழ் சாட்சியானார், கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில், உயர் நீதிமன்ற நீதிபதிகளே 2023 ஜனவரியில் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் வந்து பார்த்தனர். ஜூனில் யுவராஜின் தண்டனை உறுதியானது.