கொழுந்தின் பதம்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் வேலை பார்த்தவன் நான். இலங்கையில் எங்கள் ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று வீசும். தேயிலைக்குத் தனி மணம் ஏறும். வாட்டம் பிசகினால் மணம் போகும், கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும். தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயா கொழுந்தைக் கையில் பிசைந்து காட்டித்தான் எனக்குப் பதம் சொல்லித் தந்தார். 1883இல் தொடங்கிய அந்த ஏலம் எங்கள் விரல்களுக்கும் பாடம் நடத்தியது.

தேயிலைக்கு முன் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. 1869இல் வந்த இலைநோய் அதை அழித்தது; அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கோப்பியில் வேலை பருவத்துக்கு மட்டும்தான். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். அதனால் தொழிலாளர் குடும்பங்கள் லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் நிலைத்தன. பெண்கள் கொழுந்தெடுத்தார்கள், ஆண்கள் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டினார்கள்.

இன்று பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். போகட்டும். மலையில் நிற்கும் பெண்ணின் கைத்திறனை மட்டும் கிலோக் கணக்கோடு நிறுத்தாதீர்கள். தொழில்திறன் என்று ஏற்றுச் சம்பளம் கொடுங்கள்.