ஒற்றியூரை மீட்பது யார்?

வண்ணாரப்பேட்டையிலே மெட்ரோ ரயில் ஏறுகிறோம், தோழர்களே! கொஞ்ச தூரம் பூமிக்குள்ளே ஓட்டம். பிறகு பாலத்தின் மேல் பயணம். சுங்கச்சாவடி வருகிறது, காலடிப்பேட்டை வருகிறது, தேரடி வருகிறது, திருவொற்றியூர் வருகிறது. அடுத்து ஒலிபெருக்கி உரைக்கிறது: "விம்கோ நகர்!"

விம்கோ! தமிழ்ச் சொல்லா? அல்ல. வடமொழியா? அதுவுமல்ல. ஊருக்கு ஆண்டவன் பெயர் உண்டு, அரசன் பெயர் உண்டு, ஆறு குளத்தின் பெயர் உண்டு. இதுவோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்! 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற நீண்ட பெயரைச் சுருக்கி எடுத்த சொல். தீக்குச்சி செய்த இடம் நகராயிற்று; நகரின் பெயர் ரயில் நிலையத்துக்கு ஆயிற்று; 2021-ல் சுமார் 9 கிலோமீட்டர் நீண்ட மெட்ரோ பாதைக்கும் அதுவே எல்லையாயிற்று. மறு ஆண்டு பணிமனை நிலையம் ஒன்றும் அதே பெயரில் திறக்கப்பட்டது.

வழியில் கடந்தோமே காலடிப்பேட்டை, அதன் கதையும் இதுதான். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலட். அவர் காலத்தில் நெசவாளருக்காக ஒரு குடியிருப்பு அமைந்தது. காலட்பேட்டை என்றார்கள், மக்கள் வாயிலே அது காலடிப்பேட்டை ஆயிற்று. துரையின் பெயர் முந்நூறு ஆண்டு நிலைத்தது. தறியிலே குனிந்து முதுகு வளைந்தவன் பெயர் என்ன? ஏட்டிலே தேடினாலும் எளிதில் கிட்டாது!

விம்கோ வந்த வரலாற்றைப் பாருங்கள். அந்நாளில் தீப்பெட்டி கப்பலேறி வந்த சரக்கு. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டி மீது அரசு பெருவரி விதித்தது. வெளியே செய்து கொண்டுவந்தால் வரி; உள்ளே செய்தால் லாபம்! கணக்குப் போட்டது சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம். 1923-ல் விம்கோ பிறந்தது. அம்பர்நாத்தில் ஓர் ஆலை, பரேலியில் ஓர் ஆலை, கல்கத்தாவில் ஓர் ஆலை, நம் திருவொற்றியூரிலும் ஓர் ஆலை! அந்தச் சுவீடன் நிறுவனத்தின் தலைவர் ஐவர் குரூகர். 'தீப்பெட்டி மன்னன்' என்று உலகம் அழைத்தது. அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்குத் தீப்பெட்டி வியாபாரத்தின் ஏகபோக உரிமையை வாங்கியவர். 1932-ல் பாரிஸ் நகரிலே துப்பாக்கிக் குண்டு பாய்ந்து பிணமாகக் கிடந்தார். அவர் எழுப்பிய கடன் கோட்டையும் சரிந்தது. மன்னன் மாய்ந்தான், குச்சி அடுக்கிய தொழிலாளி மறுநாளும் வேலைக்குப் போனான்!

அதே வரிச் சுவரின் நிழலிலேதான் சிவகாசியும் தளிர்த்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பினர். அங்கே கைத்தொழில், இங்கே இயந்திரத் தொழில். இரண்டிலும் நெருப்புக்கு விலை கொடுத்தவன் ஏழைதான்.

நெருப்புக்கு விலையா என்பீர்கள். முன்னாளில் குச்சியின் தலையிலே வெள்ளைப் பாஸ்பரஸ் பூசினார்கள். அதன் ஆவி பட்டுப் பட்டுத் தொழிலாளியின் தாடை எலும்பே அழுகிற்று. 1888-ல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள், ஏறத்தாழ 1,400 பேர், வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதம் என்றும் அற்பக்கூலி என்றும் வதைபட்ட அந்த மங்கையரின் துயரைப் பத்திரிகையில் எழுதியவர், பின்னாளில் நம் அடையாறிலே வந்து அமர்ந்த அன்னி பெசன்ட் அம்மையார்! பெண்கள் வென்றார்கள். ஆனாலும் இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்க 1913 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்று நம் கையிலுள்ளது பாதுகாப்புத் தீப்பெட்டி. குச்சியின் தலையிலே ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்திலே சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் சுடர்!

விம்கோ நகர் டீக்கடையிலே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். ஆலை வேலை பார்த்து ஓய்ந்தவர்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது ஐயா?" என்றேன்.

"வீட்ல கடியாரம் ஏது தம்பி? சங்குதான் கடியாரம். அம்மா அடுப்பு பத்த வைக்கிறதும் சங்குக்கு, நாங்க பள்ளிக்கூடம் ஓடறதும் சங்குக்கு. எங்கப்பா போன வேலைக்கே நானும் போனேன்."

"மகன் என்ன செய்கிறார்?"

டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு மாசம் ஒரு காண்ட்ராக்டர்கிட்ட, ஆறு மாசம் இன்னொருத்தர்கிட்ட. நீ எந்தக் கம்பெனிடான்னு கேட்டா, அவனுக்கே சொல்லத் தெரியல தம்பி."

தோழர்களே, அந்தச் சொல்லைக் கேட்டபின் டீ இறங்கவில்லை எனக்கு. அன்று தொழிலாளிக்குப் பெயர் இல்லை. கம்பெனிக்குப் பெயர் இருந்தது. இன்று அவன் மகனுக்கு, தன் உழைப்பை வாங்குபவன் யாரென்றே தெரியவில்லை! 1970-ல் ஒப்பந்தத் தொழிலாளர் ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரிலே ஒழிப்பு இருந்தது. வாழ்விலே ஒப்பந்தம் நிலைத்தது!

இந்தக் கரை சாமானியக் கரையா? 1946-ல் எம்.ஆர்.எஃப். பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது எண்ணூரில். அதுவே பிறகு அசோக் லேலண்ட். 1955-ல் பிறந்த என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட் வண்டி உருவானதும் திருவொற்றியூர் ஆலையில். 1970-ல் எண்ணூர் அனல் மின்நிலையம் எழுந்தது, 2017-ல் மூடப்பட்டது. விம்கோவோ 2005-ல் ஐ.டி.சி. குழுமத்தின் கைக்கு மாறியது. நாடு ஏறிச் செல்லும் வண்டியும், அடுப்பை மூட்டும் குச்சியும், விளக்கை ஏற்றும் மின்சாரமும் தந்த கரை இது. அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. மீனவரின் படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, கைக்குழந்தையோடு தெருவில் ஓடினர் மக்கள். கடலோ கரையைத் தின்கிறது. துறைமுகச் சுவர் மணலின் வடதிசை ஓட்டத்தைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே நம் கரை அரிந்தது. தென்சென்னைக்கு மணல்வெளி, வடசென்னைக்குக் கருங்கல் குவியல்!

பொங்கி வந்த வெள்ளத்தை ஒற்றி எடுத்ததால் ஒற்றியூர் என்பர் புராணம் படிப்போர். எனக்கோ மற்றொரு பொருளே நினைவுக்கு வருகிறது. கடனுக்கு ஈடாக வைப்பதும் ஒற்றிதான். ஒற்றி வைத்த நிலத்தின் விளைச்சலை ஒருவன் உண்பான். உரியவன் வேலிக்கு வெளியே நிற்பான். இந்தக் கரையின் காற்றும் நீரும் உழைப்பும் அப்படித்தானே கிடக்கின்றன?

மீட்க வழி உண்டு. குச்சி தனியே கிடந்தால் சுடர் இல்லை. உரச ஓர் இடம் வேண்டும். தொழிலாளிக்கு அந்த இடம் சங்கம். எந்தக் காண்ட்ராக்டரிடம் வேலை செய்தாலும், எத்தனை மாதம் செய்தாலும், ஒப்பந்தத் தோழனைச் சங்கத்தில் சேர்ப்போம். ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்போம். குழாய் கசிந்தால் எச்சரிக்கும் சங்கு எங்கே என்று கேட்போம். வேலைக்கு அழைக்கச் சங்கு ஊதத் தெரிந்த ஊருக்கு, உயிர் காக்கச் சங்கு ஊதத் தெரியாதா?

அடுத்த முறை "விம்கோ நகர்" என்று ஒலிபெருக்கி சொல்லும்போது, தோழர்களே, டம்ளரைக் கீழே வைத்த அந்தப் பெரியவரை நினையுங்கள். "நீ எந்தக் கம்பெனிடா?" என்ற அவர் கேள்விக்கு, அவர் மகன் நிமிர்ந்து பதில் சொல்லும் நாளே ஒற்றியூர் மீண்ட நாள்!