குற்றாலச் சாரலில் லாவெண்டர் நிற்குமா?

ஜம்முவின் பதர்வாவில் மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் லாவெண்டருக்கு மாறி வருமானம் கண்டார்கள். தென்காசியிலும் அந்த ஆசை துளிர்ப்பது இயல்பு. ஆனால் எந்த வகை என்பதே முதல் கேள்வி. வாசனைத் திரவியத்துக்கு உகந்த ஆங்கில லாவெண்டர் கடுங்குளிரையும் வறண்ட கோடையையும் கேட்கும். கலப்பினமான லாவண்டின் கூடுதல் எண்ணெய் தரும். கற்பூர நெடியால் அது பெரும்பாலும் சோப்புக்குப் போகும். இரண்டுக்கும் ஜூனில் தொடங்கும் குற்றாலச் சாரல் ஆகாது. ஈரத்தில் வேர் அழுகிவிடும்.

பசுமைக்குடில் போடலாமே என்பார்கள். மழையைத் தடுக்கலாம், ஆனால் மலைக்குளிரை ஏக்கர் கணக்கில் உண்டாக்கும் செலவை எண்ணெய் விலை ஈடுகட்டாது. வெப்பம் தாங்கும் டென்டேட்டா வகையை மணல் கலந்த தொட்டியில், மழை படாத வெயிலில், அழகுக்கு வளர்க்கலாம். எண்ணெய்தான் நோக்கமென்றால், நம் வெயிலுக்குப் பழகிய எலுமிச்சைப்புல்லும் வெட்டிவேருமே அறிவான தேர்வு.